எரிமலை வாசலில் 28 வருஷம்: ஹவாய் தேசிய பூங்காவுக்குப் பின்னால் இருக்கும் தாமஸ் ஜாகர் யார்?

அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில், பிக் ஐலண்ட் என்று எல்லோரும் கூப்பிடும் பெரிய தீவில் இருக்கிறது ஹவாய் எரிமலைகள் தேசிய பூங்கா. ராத்திரி, பகல் பார்க்காமல் 24 மணி நேரமும் திறந்திருக்கும். கிலாவேயா, மௌனா லோவா என்று இரண்டு உயிருள்ள எரிமலைகள் இந்தப் பூங்காவுக்குள் இருக்கின்றன.

கிலாவேயா பொங்கும் நாட்களில் குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, குளிருக்குப் போர்வை சுற்றிக்கொண்டு, பள்ளத்தின் விளிம்பில் நின்று ஜனங்கள் லாவாவைப் பார்க்கிறார்கள். 2024 டிசம்பர் 23-ம் தேதி தொடங்கிய வெடிப்பில், விட்டு விட்டு எழுந்த லாவா ஊற்றுகளில் சில 300 மீட்டரைத் தாண்டின. கிட்டத்தட்ட ஈஃபிள் டவர் உயரம்!

சரி, வெடிக்கிற எரிமலைக்குப் பக்கத்தில் டூரிஸ்ட்டுகளை எப்படி விடுகிறார்கள்? இங்கே நிற்கலாம், அதைத் தாண்டக் கூடாது என்று கோடு போடுவது யார்?

அந்தக் கோட்டை பூங்கா நிர்வாகம் போடுகிறது. எங்கே போட வேண்டும் என்று தெரிவதற்குக் காரணம், எரிமலையின் ஒவ்வொரு அசைவையும் இரவு பகலாகக் கண்காணிக்கும் ஹவாய் எரிமலை ஆய்வகம். எரிமலைப் பக்கத்திலேயே ஆள் குடியிருந்து அதைக் கவனிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, 1912-ல் அந்த ஆய்வகத்தை ஆரம்பித்தவர்தான் தாமஸ் அகஸ்டஸ் ஜாகர். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், கதை ஹவாயில் ஆரம்பிக்கவில்லை. கரீபியன் கடலில், சாம்பல் மூடிய ஒரு ஊரில் ஆரம்பிக்கிறது.

28,000 பேர் செத்துப்போன ஊர்

ஜாகர் 1871 ஜனவரி 24-ம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். அப்பா கிறிஸ்தவ பிஷப். மகனுக்கு சின்ன வயசிலிருந்தே காடு, மலை, பாறை என்றுதான் நாட்டம். ஹார்வர்டில் புவியியல் படித்து 1897-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஜெர்மனிக்கும் போய் படித்தார். அங்கேயே ஒரு பேராசிரியராக, சோதனைச்சாலைக்குள் தண்ணீரையும் மணலையும் வைத்து மாடல் செய்து காட்டிக்கொண்டு நிம்மதியாகக் காலத்தை ஓட்டியிருக்கலாம்.

1902 மே 8-ம் தேதி அதை மாற்றியது.

கரீபியனில் மார்டினிக் என்று ஒரு பிரெஞ்சுத் தீவு. அதில் செயின்ட் பியர் என்ற ஊர், அந்தத் தீவிலேயே வசதியான துறைமுக நகரம். அதன் தலைமேல் நிற்கும் எரிமலை மான்ட் பெலே. ஏப்ரல் மாசத்திலிருந்தே மலை புகைந்துகொண்டிருந்தது. தெருவெல்லாம் சாம்பல், காற்றில் கந்தக நாற்றம். மே 5-ம் தேதி மலையிலிருந்து இறங்கிய சேற்று வெள்ளம் ஒரு சர்க்கரை ஆலையை ஆட்களோடு மூடிவிட்டது. அப்போதும் ஊரைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வரவில்லை. பயப்பட ஒன்றும் இல்லை என்று ஜனங்களுக்குத் தைரியம் சொல்லப்பட்டது. தீவின் கவர்னரே மனைவியோடு ஊருக்குள் வந்து தங்கினார்.

8-ம் தேதி காலை சுமார் 8 மணிக்கு மலை வெடித்தது. லாவா ஓடி வந்து யாரையும் கொல்லவில்லை. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கல்லும் கலந்த ஒரு மேகம், தரையோடு தரையாக மலைச்சரிவில் பாய்ந்து வந்து ஊரை மூடியது. சில நிமிஷம்தான். சுமார் 28,000 பேர் இறந்தார்கள், கவர்னர் உட்பட. ஊருக்குள் பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருவர், தடித்த கல் சுவர் கொண்ட தனிச்சிறையில் அடைபட்டிருந்த ஒரு கைதி.

இந்தப் பேரழிவை ஆராய அமெரிக்க அரசு ஒரு கப்பலில் விஞ்ஞானிகளை அனுப்பியது. அதில் ஒருவராகப் போன ஜாகர், வெடிப்பு நடந்து 13 நாள் கழித்து அங்கே இறங்கினார். வயது 31. தெரு தெரியவில்லை, வீடு தெரியவில்லை, பிணங்கள் மட்டும் கிடந்தன.

அவரை உறுத்திய விஷயம் இதுதான். மலை திடீரென்று வெடிக்கவில்லை. வாரக்கணக்கில் அறிகுறி காட்டியது. அதைப் படிக்கத் தெரிந்த, படிப்பதையே வேலையாகக் கொண்ட ஒரு ஆள்கூட அங்கே இல்லை. அந்தக் காலத்தில் எரிமலை ஆராய்ச்சி என்றால் பெரும்பாலும் வெடித்த பிறகு போய், பாறை பொறுக்கி வந்து, புத்தகம் எழுதுவது. இத்தாலியில் வெசுவியஸ் மலைமேல் ஒரு ஆய்வகம் இருந்தது, ஜப்பானிலும் முயற்சிகள் நடந்தன. அதைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் இல்லை.

அடுத்த சில வருஷங்கள் ஜாகர் பேரழிவு நடந்த இடமெல்லாம் சுற்றினார். 1906-ல் வெசுவியஸ். அடுத்த வருஷம் அலாஸ்காவின் அலூஷியன் தீவுகள். இதற்கு நடுவே அமெரிக்காவின் புகழ்பெற்ற எம்ஐடி கல்வி நிறுவனத்தில் புவியியல் துறைத் தலைவர் ஆகியிருந்தார். 1908 டிசம்பர் 28-ம் தேதி இத்தாலியின் மெசினா நகரத்தை நிலநடுக்கமும் சுனாமியும் சேர்ந்து அழித்தன. பலி எண்ணிக்கை பல பத்தாயிரங்களில். அதோடு ஜாகருக்குப் பொறுமை போய்விட்டது. செத்த பிறகு போய் ஆராய்வது போதும், உயிரோடு இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும் என்று பணம் திரட்டக் கிளம்பிவிட்டார்.

ஏன் கிலாவேயா?

1909-ல் ஜப்பான் போகும் வழியில் ஹவாய் வந்தார் ஜாகர். கிலாவேயாவைப் பார்த்ததும் இடத்தை முடிவு செய்துவிட்டார். இதற்குக் காரணம் இருக்கிறது, கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

எல்லா எரிமலையும் ஒரே மாதிரி வெடிக்காது. மான்ட் பெலே மாதிரி மலைகளில் உருகிய பாறை கெட்டியாக, பிசின் போல இருக்கும். உள்ளே இருக்கும் வாயு வெளியேற வழி தெரியாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், ஒரு நாள் மொத்தமாக வெடிக்கும். கிலாவேயாவின் லாவா அப்படியில்லை. இளகியது. வாயு சுலபமாகப் பிரிந்து போய்விடும், குழம்பு வழிந்து ஓடும். பெரும்பாலான நேரம் மனுஷன் நடந்தே தப்பித்துவிடலாம்.

அதுவும் போக, அந்தக் காலத்தில் கிலாவேயாவின் நடுவே இருக்கும் ஹலேமாவுமாவு பள்ளத்தில் ஒரு லாவா ஏரி பல பத்தாண்டுகளாகக் கொதித்துக்கொண்டே இருந்தது. விளிம்பில் வோல்கனோ ஹவுஸ் என்று ஹோட்டல் உண்டு. ஹிலோ துறைமுகத்திலிருந்து ரோடு உண்டு. அடிக்கடி வெடிக்கும், ஆனால் ஆளைக் கொல்லாது. ஒரு விஞ்ஞானிக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்கே கிடைக்கும்?

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஹவாய் பூர்வகுடி மக்களுக்கு ஹலேமாவுமாவு வெறும் பள்ளம் கிடையாது, எரிமலை தெய்வமான பெலே குடியிருக்கும் வீடு. (மார்டினிக் மலையின் பெயரும் பெலேதான், ஆனால் சம்பந்தமே இல்லை. அது பிரெஞ்சு வார்த்தை, மொட்டை என்று அர்த்தம்.) விஞ்ஞானி வருவதற்குப் பல நூறு வருஷம் முன்பே அந்த மலையைக் கவனித்து, அதன் ஒவ்வொரு கோபத்தையும் கதையாகவும் பாட்டாகவும் ஞாபகம் வைத்திருந்தவர்கள் அவர்கள்.

எம்ஐடிக்கு விட்னி என்ற குடும்பத்தின் அறக்கட்டளையிலிருந்து 25,000 டாலர் கிடைத்தது. ஹொனலூலு வியாபாரிகளும் கை கொடுத்தார்கள். 1911 கோடையில் ஃபிராங்க் பெரட் என்ற ஆய்வாளர் முன்னதாகவே வந்து, லாவா ஏரியின் வெப்பநிலையை அளந்தார். சுமார் 1,000 டிகிரி செல்சியஸ். 1912 ஜனவரியில் ஜாகர் வந்து சேர்ந்தார்.

முதல் வேலை, பூமிக்கடியில் ஒரு அறை தோண்டுவது. நில அதிர்வை அளக்கும் கருவிக்கு ஆடாத, அசையாத தரை வேண்டும். ஹோட்டலுக்குப் பக்கத்தில், எரிமலைச் சாம்பல் படிந்த மண்ணைத் தோண்டி அந்த அறையைக் கட்டியவர்கள் சிறைக் கைதிகள். செயின்ட் பியரில் கல் சுவருக்குள் இருந்து பிழைத்ததும் ஒரு கைதி. இந்தப் பொருத்தத்தை ஜாகர் யோசித்துப் பார்த்தாரோ என்னவோ! கருவிகளில் சில ஜப்பானிலிருந்து வந்தன. அங்கே நிலநடுக்க ஆராய்ச்சியில் முன்னோடியான பேராசிரியர் ஓமோரியை ஜாகர் நேரில் சந்தித்திருந்தார்.

பூங்கா எப்படி வந்தது?

இங்கே இன்னொரு ஆள் கதைக்குள் வருகிறார்: லோரின் தர்ஸ்டன். வக்கீல், பத்திரிகை முதலாளி, வோல்கனோ ஹவுஸ் ஹோட்டலில் பங்குதாரர். 1893-ல் ஹவாய் ராணி லிலியுவோகலானியின் ஆட்சியைக் கவிழ்த்தவர்களில் முக்கியமானவரும் இவரே. அந்தக் கவிழ்ப்புக்குப் பிறகுதான் ஹவாய் அமெரிக்காவின் கைக்குப் போனது. பூங்காவின் வரலாற்றைச் சொல்லும்போது இந்த இடத்தை மட்டும் சத்தமில்லாமல் தாண்டிப் போவது சரியாக இருக்காது.

தர்ஸ்டனுக்கு எரிமலை என்றால் உயிர். டூரிஸ்ட் வந்தால் ஹோட்டலுக்கு வருமானம் என்பதும் உண்மை. 1907-ல் அமெரிக்க எம்பிக்கள் கூட்டத்தையே தீவுக்குக் கூட்டிவந்து மலைகளைச் சுற்றிக் காட்டினார். ஜாகர் வந்த பிறகு இருவரும் ஜோடி சேர்ந்தார்கள். ஒருவர் வாஷிங்டனில் அரசியல்வாதிகளைப் பிடிப்பார், இன்னொருவர் அவர்களுக்கு அறிவியல் சொல்லுவார். மேய்ச்சல் நிலம் போய்விடும் என்று பண்ணைக்காரர்கள் எதிர்த்தார்கள். எல்லை எங்கே போடுவது என்று வருஷக்கணக்கில் இழுபறி.

கடைசியில் 1916 ஆகஸ்ட் 1-ம் தேதி ஜனாதிபதி உட்ரோ வில்சன் கையெழுத்து போட்டார். ஹவாய் தேசிய பூங்கா பிறந்தது. கவனியுங்கள், அமெரிக்காவின் தேசிய பூங்காக்களை நிர்வகிக்கும் துறையே அந்த மாசம் 25-ம் தேதிதான் உருவானது. துறையைவிட பூங்காவுக்கு 24 நாள் வயசு கூட! ஆரம்பத்தில் பக்கத்து மாவி தீவிலிருக்கும் ஹலேயாகலா மலையும் இதில் சேர்ந்திருந்தது, 1961-ல் அது தனிப் பூங்காவாகப் பிரிந்தது. கிலாவேயா, மௌனா லோவா பக்கம் 1987-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது.

மௌனா லோவா உச்சிக்குப் போகும் மலைப்பாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 4,169 மீட்டர் உயரமான மலை அது. கரடுமுரடான லாவாப் பாறைமேல் கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஏற ஒரு பாதை வேண்டும் என்று ஜாகரும் தர்ஸ்டனும் கேட்டார்கள். 1915-ல் அதை வெட்டிக் கொடுத்தவர்கள் அமெரிக்க ராணுவத்தின் 25-வது காலாட்படையைச் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்கள்.

விளிம்பில் ஒரு வீடு

ஜாகர் வாரத்துக்கு ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகும் டைரக்டர் இல்லை. எரிமலை விளிம்பிலேயே வீடு கட்டிக் குடியிருந்தார். தினமும் லாவா ஏரியின் மட்டத்தை அளப்பது, அதிர்வுப் பதிவைப் பார்ப்பது, தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறிப்பது. வாரா வாரம் அறிக்கை எழுதிப் பொதுமக்களுக்கும் தெரியப்படுத்தினார்.

தரை சாய்வதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எரிமலைக்கு அடியில் உருகிய பாறை சேரச் சேர, மலை பலூன் மாதிரி லேசாக உப்பும். கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். குழம்பு வேறு பக்கம் போய்விட்டால் மலை சுருங்கும். உப்பல், சுருக்கம், அதிர்வு, வாயு. இன்றைக்கும் எரிமலையைக் கணிக்க இந்த நாலைத்தான் பார்க்கிறார்கள். இப்போது ஜிபிஎஸ்ஸும் சாட்டிலைட்டும் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இந்த வாழ்க்கைக்கு விலையும் இருந்தது. முதல் திருமணம் முறிந்தது. 1917-ல் இசபெல்லை மணந்தார். எரிமலைப் பக்கத்து வாழ்க்கையை விரும்பி ஏற்றுக்கொண்டவர் அவர். ஆய்வக வேலைகளிலும் கூடவே நின்றார். பணத்துக்கோ எப்போதும் தட்டுப்பாடுதான். 1919-ல் வானிலைத் துறை ஆய்வகத்தை எடுத்துக்கொண்டது. 1924-ல் புவியியல் ஆய்வுத் துறை, 1935-ல் தேசிய பூங்காத் துறை என்று கை மாறிக்கொண்டே இருந்தது. இத்தனைக்கும் நடுவில் மனுஷன் நாற்காலியை விட்டு எழவில்லை.

1924: சாது மலை காட்டிய மறுமுகம்

கிலாவேயா பாதுகாப்பான எரிமலை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள் அல்லவா? 1924-ல் லாவா ஏரி திடீரென்று வடிய ஆரம்பித்தது. பள்ளம் காலியானது, சுவர்கள் உள்ளே சரிந்தன. மே மாசம் பள்ளத்திலிருந்து வெடிப்புகள் கிளம்பின. இந்தத் தடவை லாவா இல்லை, நீராவியும் சாம்பலும் பாறையும். பல டன் எடையுள்ள கற்கள் பந்து மாதிரி தூக்கி எறியப்பட்டன. நிலத்தடி நீர் சூடான பாறையைத் தொட்டு நீராவியாகி வெடித்தது என்று விளக்கம் சொன்னார்கள்.

வேடிக்கை பார்க்கவும் ஜனங்கள் வந்தார்கள். மே 18-ம் தேதி, போட்டோ எடுப்பதற்காகப் பள்ளத்துக்கு மிகப் பக்கத்தில் போன ஒரு சர்க்கரைத் தோட்டத்துக் கணக்கர்மேல் கல்லும் சுடுசாம்பலும் விழுந்தன. அன்று ராத்திரியே இறந்துபோனார். அந்த வெடிப்புகளில் உயிரிழந்தவர் அவர் ஒருவர்தான். எல்லாம் அடங்கியபோது ஹலேமாவுமாவு முன்பைவிட கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அகலமாகியிருந்தது. ஜாகரை இங்கே இழுத்து வந்த லாவா ஏரி போயே போய்விட்டது. அதுபோல வருஷக்கணக்கில் நிலைத்த ஏரி மறுபடி அந்தப் பள்ளத்தில் வர 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்றைக்குப் பூங்காவில் தடுப்பு போட்டிருக்கிறார்கள், தாண்டாதீர்கள் என்று சொன்னால் அது சும்மா சட்டம் பேசுவதல்ல. அந்தத் தடுப்புக்குப் பின்னால் 1924 இருக்கிறது.

கேட்டிருந்தால் தப்பித்திருக்கலாம்

ஜாகர் வாழ்க்கையில் என்னைக் கேட்டால் மிகப் பெரிய விஷயம் எரிமலையே இல்லை, சுனாமி.

1923 பிப்ரவரி 3-ம் தேதி. ஆய்வகத்தின் கருவியில் தூரத்து நிலநடுக்கம் ஒன்று பதிவானது. ரஷ்யாவின் கம்சாட்கா பக்கம். அதிர்வு பாறை வழியாகச் சில நிமிஷத்தில் வந்துவிடும். கடல் அலை ஜெட் விமான வேகத்தில் வந்தாலும் மணிக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளிதான் உயிர் பிழைக்கக் கிடைக்கும் நேரம். இதைக் கணக்குப் போட்ட ஜாகர், அலை வரலாம் என்று ஹிலோ துறைமுக அதிகாரியிடம் எச்சரித்தார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அலை வந்தது. படகுகள் நாசம், ஒரு மீனவர் இறந்தார்.

பத்து வருஷம் கழித்து, 1933 மார்ச்சில், ஜப்பானின் சன்ரிகு கடலோரத்தில் பெரிய நிலநடுக்கம். ஜப்பானில் சுமார் 3,000 பேர் பலி. ஜாகர் மறுபடி கணக்குப் போட்டு எச்சரிக்கை கொடுத்தார். இந்த முறை கேட்டார்கள். படகுகளை ஆழ்கடலுக்குக் கொண்டுபோனார்கள், கரையிலிருந்த சரக்கை நகர்த்தினார்கள். அலை வந்தது, சொத்துகள் சேதமாயின. ஹவாயில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

இத்தனை தெளிவாக நிரூபித்த பிறகு உடனே ஒரு எச்சரிக்கை அமைப்பு வந்திருக்க வேண்டும் இல்லையா? வரவில்லை. ஜாகர் 1940-ல் ஓய்வு பெற்றார். 1946 ஏப்ரல் 1-ம் தேதி அலூஷியன் தீவுகளில் நிலநடுக்கம். கருவிகள் அதைப் பதிவு செய்தன, மக்களுக்குச் சொல்ல ஏற்பாடு எதுவும் இல்லை. ஹவாயில் 159 பேர் இறந்தார்கள். அதில் 96 பேர் ஹிலோ நகரத்தில், 1933-ல் எச்சரிக்கை கேட்டுத் தப்பித்த அதே ஊரில்.

அதற்குப் பிறகுதான் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்துக்கு விதை விழுந்தது. 1949-ல் ஹவாயில் அது செயல்படத் தொடங்கியது. 2004 டிசம்பர் 26-ம் தேதி சுமத்ரா நிலநடுக்கத்தைப் பதிவு செய்து, சுமார் 15 நிமிஷத்தில் முதல் தகவல் அனுப்பியதும் இதே மையம்தான். ஆனால் அது பசிபிக் நாடுகளுக்கான அமைப்பு. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை மையமே இல்லை. நாகப்பட்டினத்துக்கும் மட்டக்களப்புக்கும் சொல்ல ஆளில்லை. சுமத்ராவிலிருந்து அலை நம் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது.

எரிமலைமேல் குண்டு போட்ட கதை

ஜாகர் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல முடியாது. இப்போது வரை சர்ச்சையாக இருக்கும் ஒரு விஷயம் இது.

1933-ல் மௌனா லோவா வெடித்தபோது, இன்னும் இரண்டு வருஷத்துக்குள் இந்த மலையிலிருந்து ஹிலோ பக்கம் லாவா வரும் என்று கணித்தார் ஜாகர். சொன்னபடியே 1935 நவம்பரில் வெடித்தது. லாவா மெதுவாக ஹிலோவின் நீர் ஆதாரம் இருக்கும் பக்கம் நகர்ந்தது. ஜாகர் ராணுவத்தைக் கூப்பிட்டார். விமானத்திலிருந்து குண்டு போட்டு லாவா ஓடும் வாய்க்காலை உடைத்துவிட்டால், குழம்பு அங்கேயே பரவி ஆறிவிடும், கீழே வராது என்பது அவர் திட்டம். ஏற்பாடுகளைக் கவனித்த அதிகாரிகளில் ஒருவர், பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் பேர் வாங்கிய ஜார்ஜ் பேட்டன்.

டிசம்பர் 27-ம் தேதி விமானங்கள் தலா 600 பவுண்டு எடையுள்ள 20 குண்டுகளைப் போட்டன. ஜனவரி 2-ம் தேதி லாவா நின்றது. ஹிலோ தப்பித்தது.

குண்டால்தான் நின்றது என்று ஜாகர் கடைசி வரை நம்பினார். விமானத்தில் கூடவே போய்ப் பார்த்த புவியியலாளர் ஹரால்ட் ஸ்டேர்ன்ஸ் அதை ஏற்கவில்லை, தற்செயல் என்றார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலரும் அவர் பக்கம்தான். வெடிப்பு ஏற்கெனவே தணிந்துகொண்டிருந்தது, குண்டு போடாவிட்டாலும் நின்றிருக்கும் என்பது அவர்கள் வாதம். பூர்வகுடி மக்களுக்கோ இது பெலேயின் உடம்பில் குண்டு போட்ட மாதிரி. அந்த வருத்தம் இன்னும் பேசப்படுகிறது.

லாவாவை வேடிக்கை பார்க்கவும் முடியவில்லை, தடுக்கவும் முடியவில்லை என்ற நிலையில் நின்ற மனுஷன் அவர். 1926-ல் இதே மௌனா லோவாவின் லாவா ஹோவோபூலோவா என்ற மீனவக் கிராமத்தை மூடியதைப் பார்த்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு நிற்க மனசு வரவில்லை என்பது புரிகிறது. அதற்காக விடை சரியாகிவிடாது.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

ஓய்வுக்குப் பிறகு ஜாகர் ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1953 ஜனவரி 17-ம் தேதி ஹொனலூலுவில் காலமானார். வயது 81. எரிமலைகளோடு தன் அனுபவங்களைச் சொல்லும் அவரது புத்தகம், இறந்து மூன்று வருஷம் கழித்து வெளிவந்தது.

ஹிலோவிலிருந்து பூங்காவுக்கு சுமார் 45 கிலோமீட்டர், காரில் முக்கால் மணி நேரம். கிலாவேயா உச்சி சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கீழே வெயில் அடித்தாலும் மேலே குளிரும், மழை வரும். கிலாவேயா இக்கி என்ற பக்கத்துப் பள்ளத்தில் 1959-ல் லாவா ஊற்று 580 மீட்டர் உயரம் எழுந்தது. இப்போது ஆறிக் கிடக்கும் அந்த லாவா ஏரியின்மேல் நடந்தே போகலாம். லாவா ஓடிப்போன சுரங்கம் ஒன்று இருக்கிறது. நாஹுகு என்பது அதன் ஹவாய் பெயர், தர்ஸ்டன் பெயராலும் அழைப்பார்கள். அங்கிருந்து கடல் வரை இறங்கும் ரோடு, லாவா குறுக்கே ஓடிய இடத்தில் முட்டி நிற்கும்.

ஆஸ்துமா, இதய நோய் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள் போவதற்கு முன் காற்றின் நிலையைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. எரிமலையிலிருந்து வரும் சல்ஃபர் டை ஆக்ஸைடு மூச்சை அடைக்கும். லாவா ஊற்று எழும் நாட்களில் பெலேயின் முடி என்று சொல்லப்படும் மெல்லிய கண்ணாடி இழைகள் காற்றில் பறக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. பாறையை ஞாபகார்த்தமாக எடுத்து வரக் கூடாது. சட்டமும் விடாது, உள்ளூர்க்காரர்களும் விரும்ப மாட்டார்கள்.

லாவா நிச்சயமாகத் தெரியுமா? உத்தரவாதம் கிடையாது. நாள் கணக்கில், வாரக் கணக்கில் நின்றுவிடும், திடீரென்று தொடங்கும். ஆய்வகம் இணையதளத்தில் போடும் நிலவர அறிக்கையைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். ஜாகர் வாரா வாரம் எழுதிய அறிக்கையின் இன்றைய வாரிசு அது.

ஜாகர் பெயரில் விளிம்பில் ஒரு மியூசியம் இருந்தது, பக்கத்திலேயே ஆய்வகமும். 2018 மே மாசம் கிலாவேயா உச்சி இடிந்து இறங்க ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான அதிர்வுகளில் கட்டடங்கள் விரிசல் விட்டன. பூங்காவை 134 நாள் மூடினார்கள். தீவின் கிழக்கே 700-க்கும் மேற்பட்ட வீடுகளை லாவா விழுங்கியது. ஆய்வகத்தை ஹிலோவுக்கு மாற்றிவிட்டார்கள். மியூசியம் மறுபடி திறக்கவே இல்லை, பிறகு இடித்து அகற்றப்பட்டது.

1912-ல் கைதிகள் தோண்டிய அந்தப் பாதாள அறை மட்டும் இன்னும் இருக்கிறது. வோல்கனோ ஹவுஸ் ஹோட்டலுக்குப் பக்கத்தில், ஒரு மண்மேட்டுக்கு அடியில். உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கிடையாது.